அந்தப் பையன் நிஜமாகவே அழுதானா?

கேள்வி: சாப்ளினின் 'தி கிட்' படத்தில், சாப்ளின் எடுத்து வளர்க்கும் சிறுவனை அனாதை இல்லத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது அவன் கையை நீட்டிக் கதறுகிறானே, அது நடிப்பா? அந்த வயதுக் குழந்தைக்கு அப்படி நடிக்க வருமா?

பதில்: வரவில்லை என்பதுதான் உண்மை. அந்தப் பையனாக நடித்த ஜாக்கி கூகனுக்கு அப்போது ஐந்து வயதுகூட ஆகியிருக்குமோ என்னவோ. சாப்ளின் எதைச் செய்துகாட்டினாலும் அச்சு அசலாகத் திருப்பிச் செய்கிற பையன். ஆனால் அன்றைக்கு ஒரே குஷியில் இருந்தான், அழுகை மட்டும் வருவேனா என்றது. "நான் அழ வைக்கிறேன்" என்று அப்பாக்காரர் கிளம்பினார். பிள்ளையைப் பயமுறுத்தாதே, அடிக்காதே என்று சொல்லிவிட்டு, பார்க்க மனசு வராமல் சாப்ளின் தன் அறைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அலறல் கேட்டது. அழாவிட்டால் நிஜமாகவே அனாதை இல்லத்தில் விட்டுவிடுவார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார்! காட்சி முடிந்ததும் சாப்ளின் பையனைத் தூக்கி, "உன்னை யாரும் கொண்டுபோக மாட்டார்கள்" என்று தேற்ற, "தெரியும், அப்பா சும்மா சொன்னார்" என்று அவன் காதில் கிசுகிசுத்தானாம். சாப்ளின் சுயசரிதையில் எழுதியிருப்பது இது. படித்ததிலிருந்து அந்தக் காட்சி வந்தாலே எனக்கு உள்ளுக்குள் ஏதோ செய்கிறது.

நடிப்புக்கு உதாரணம் வேண்டுமென்றால் கல்லெறியும் காட்சியைப் பாருங்கள். பையன் ஜன்னலை உடைக்க வேண்டும், பின்னாலேயே கண்ணாடி மாட்டுகிறவராகச் சாப்ளின் வர வேண்டும், குடும்பத் தொழில். கல்லை ஓங்கிக் கையைப் பின்னுக்கு இழுக்கிறான், கை போலீஸ்காரர் மேல் படுகிறது. திரும்பிப் பார்க்கிறான். உடனே கல்லை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடுகிறான், நைசாகக் கீழே போடுகிறான், எடுக்கிறான் ஓட்டம். அந்தத் திருட்டு முழிக்கு எந்த அப்பாவும் மிரட்டத் தேவைப்படவில்லை.

கேள்வி: சாப்ளின் தன் சொந்தத் துக்கத்தைத்தான் படமாக்கினார் என்கிறார்களே?

பதில்: 1919 ஜூலையில் அவருக்கும் மனைவி மில்ட்ரெட் ஹாரிஸுக்கும் பிறந்த ஆண் குழந்தை மூன்றே நாளில் இறந்துபோனது. சில வாரங்களுக்குள் இந்தப் படத்தின் வேலை தொடங்கிவிட்டது. போதாததற்கு லண்டனில் ஏழு வயதில் அவரே அனாதைப் பிள்ளைகளோடு அரசு விடுதியில் இருந்தவர். ஆகவே 'ஆமாம்' என்றே சொல்வேன். படம் முடிகிற நேரத்தில் விவாகரத்து வழக்கு வந்தது. மனைவியின் வக்கீல்கள் பிலிமை ஜப்தி செய்துவிடுவார்கள் என்று பயந்து, நெகட்டிவை மூட்டை கட்டிக்கொண்டு சால்ட் லேக் சிட்டிக்கு ஓடினார். அங்கே ஓட்டல் அறையில், யாருக்கும் தெரியாமல் எடிட்டிங். அந்தக் காலத்துப் பிலிம் குபீரென்று பற்றிக்கொள்ளும். அதை ஓட்டலில் வைத்திருப்பதே சட்டவிரோதம்!

கேள்வி: எந்தப் பிரதியைப் பார்க்கலாம்?

பதில்: 1921இல் வந்தது ஏறக்குறைய 68 நிமிடம். 1971இல் சாப்ளின் தானே இசையமைத்து, சிறுவனைப் பெற்ற தாயாக எட்னா பர்வையன்ஸ் நடித்த காட்சிகள் சிலவற்றை வெட்டிச் சுருக்கினார். வெட்டியது நல்லதற்கே. இரண்டாவதைப் பாருங்கள்.

கேள்வி: சம்பாதித்த பணத்தை ஜாக்கி என்ன செய்தார்?

பதில்: அவர் கைக்கு வந்தால்தானே! தகப்பனார் 1935இல் கார் விபத்தில் இறந்தார். லட்சக்கணக்கான டாலர்கள் அம்மாவாலும் அவருடைய இரண்டாவது கணவராலும் கரைந்துபோயின. 1938இல் பெற்ற தாய் மேலேயே வழக்குப் போட்டு, 1,26,000 டாலர்தான் மிஞ்சியது. மறு வருஷமே கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்கச் சட்டம் வந்தது. இன்றும் அதற்குக் 'கூகன் சட்டம்' என்றே பேர். அங்கே இப்போது பிள்ளையின் சம்பளத்தில் 15 சதவீதம் தனிக் கணக்குக்குப் போயாக வேண்டும்.

ஜாக்கியை நீங்கள் மறுபடியும் பார்த்திருக்கலாம், அடையாளம்தான் தெரிந்திருக்காது. 1964இல் தொடங்கிய 'ஆடம்ஸ் ஃபேமிலி' டிவி தொடரில், மொட்டைத் தலையோடு பல்பை வாயில் வைத்து எரிய விடுகிற ஃபெஸ்டர் மாமா அவர்தான்.