நீர் மென்மையாக்கி: எத்தனை லிட்டர் வாங்குவது? பயனீட்டாளர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல, சுங்கை சிப்புட், செமோர் வட்டாரங்களிலிருந்து கடின நீர் என்னும் ஒரே பொருளைக் குறித்து எழுதப்பட்டவை. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் குன்றுகளை அடுத்து வாழ்பவர்களுக்கு இது புதிய சிக்கல் அன்று. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு சுண்ணாம்புக்கல்லின் ஊடே இறங்கும்போது, கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே நிலத்தடிக்குச் செல்கிறது. அந்த நீரைத்தான் நாம் கிணற்றிலிருந்து இறைக்கிறோம். ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் இந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கியுள்ளேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் நகருக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டிய நிலத்தில் வீடு கட்டிக் குடியேறியிருக்கிறோம். வீட்டில் ஆறு பேர். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அரசாங்கக் குழாய் நீர். குளியல், துணி துவைப்பு முதலிய மற்ற எல்லாவற்றுக்கும் ஆழ்குழாய்க் கிணற்று நீர். ஓராண்டிலேயே ஷவர் துளைகள் வெள்ளையாக அடைத்துக்கொண்டன. சுடுநீர் ஹீட்டர் பழுதாகிவிட்டது. நீர் மென்மையாக்கி வாங்கக் கேட்டபோது ஒரு விற்பனையாளர் 15 லிட்டர் போதும் என்றார், இன்னொருவர் 25 லிட்டர் என்றார், மூன்றாமவர் 50 லிட்டராகவே வாங்கிவிடுங்கள், பின்னால் வருத்தப்பட வேண்டாம் என்றார். யார் சொல்வது சரி?

பதில்: அம்மா, மூவரில் ஒருவராவது உங்கள் நீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவை, அளந்தாரா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். அளக்காமல் லிட்டர் கணக்குச் சொல்பவர், தம் கடையில் இருப்பு உள்ளதைச் சொல்கிறார்.

ஷவர் முகப்பைக் கழற்றி, துளைகளைச் சுற்றி ஒட்டியிருக்கும் வெள்ளைப் படிவின்மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்து, மெல்லச் சீறும் ஓசையோடு கரைந்தால், அது சுண்ணாம்புதான். அடுத்து, மீன் தொட்டிப் பொருள்கள் விற்கும் கடையில், நீரின் மொத்தக் கடினத்தன்மையைச் சோதிக்கும் சொட்டு மருந்துப் பெட்டி ஒன்று கிடைக்கும். சிறு குழாயில் 5 மில்லிலிட்டர் நீரை எடுத்து, சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் குலுக்கி, நிறம் மாறும் வரை எண்ணிக்கொண்டே வர வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் ஒரு சொட்டு என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 17.9 மில்லிகிராம் கடினத்தன்மையைக் குறிக்கும். பத்துச் சொட்டில் நிறம் மாறினால் உங்கள் நீர் லிட்டருக்கு 180 மில்லிகிராம் அளவில் இருக்கிறது என்று பொருள். 60க்குக் கீழே இருந்தால் அது மென்நீர், மென்மையாக்கியே வேண்டாம். 120க்கு மேல் கடின நீர், 180ஐத் தாண்டினால் மிகக் கடின நீர். குடிநீருக்குச் சுகாதார அமைச்சு வைத்திருக்கும் உச்ச வரம்பு 500 மில்லிகிராம். அதாவது, இந்தக் கடினத்தன்மை உடலுக்குக் கேடு என்பதற்காக நாம் இதைச் செய்யவில்லை. குழாயும் ஹீட்டரும் துணியும் கெடாமல் இருப்பதற்காகவே செய்கிறோம்.

உங்கள் நீர் 180 என்றே வைத்துக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். உங்கள் எண் வேறாக இருந்தால் அந்த இடத்தில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். நம் நாட்டில் வீட்டுத் தேவைக்கு ஓர் ஆள் ஒரு நாளில் செலவிடும் நீர் 200 லிட்டரைத் தாண்டிவிட்டது. உங்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் வேறு குழாய் இருப்பதால், ஆளுக்கு 200 லிட்டர் என்று எடுத்துக்கொண்டால் தவறில்லை. ஆறு பேருக்கு 1,200 லிட்டர். அதை 180 மில்லிகிராமால் பெருக்கினால், இயந்திரம் நாள்தோறும் நீக்க வேண்டிய கடினத்தன்மை 216 கிராம்.

இனி இயந்திரத்தின் பக்கம் வருவோம். அவர்கள் சொன்ன லிட்டர், தொட்டிக்குள் இருக்கும் ரெசின் மணிகளின் அளவு. இம்மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகின்றன. பிடித்துக்கொள்ள இடம் தீர்ந்ததும், உப்புக் கரைசலால் கழுவி மணிகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு லிட்டர் ரெசினுக்கு ஏறத்தாழ 100 கிராம் உப்பு என்று சிக்கனமாகக் கழுவினால், ஒரு லிட்டர் ரெசின் சுமார் 45 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் 1,125 கிராம் பிடிக்கும். கழுவும் நேரம் வரும்வரை கடின நீர் கசிந்துவிடாமல் இருக்க ஒரு நாள் அளவை இருப்பாக ஒதுக்கினால், நான்கு நாளுக்கு ஒரு முறை கழுவினால் போதும். ஒவ்வொரு முறைக்கும் இரண்டரைக் கிலோ உப்பு. 25 கிலோ மூட்டை ஒன்று நாற்பது நாள் வரும்.

இதே கணக்கில் 15 லிட்டர் ரெசின் இரண்டே நாளில் கழுவலுக்கு வந்து நிற்கும். அதைவிடப் பெரிய குறை, அது தாங்கும் நீரோட்டம். ஒரு மணி நேரத்தில் ரெசினின் அளவைப் போல நாற்பது மடங்கு நீருக்குமேல் அதன் வழியே விரைந்தால், மணிகளுக்குப் பிடித்துக்கொள்ள நேரம் போதாது. 15 லிட்டருக்கு அது நிமிடத்துக்கு 10 லிட்டர்தான். காலையில் பள்ளிக்கும் வேலைக்கும் புறப்படும் நேரத்தில் இரண்டு ஷவர்கள் ஒன்றாக ஓடினாலே நிமிடத்துக்கு 16 லிட்டர் ஆகிவிடும். அந்த நேரத்து நீர் பாதி கடினமாகவே வரும். 25 லிட்டர் ரெசின் அந்த 16 லிட்டரைச் சரியாகத் தாங்கும்.

50 லிட்டர் வாங்கினால் என்ன கெடும்? ஒன்பது நாளுக்கு ஒரு முறைதான் கழுவல் வரும். அதுவரை மணிகள் இறுகிக் கிடக்கும், மெதுவாக ஓடும் நீர் நடுவில் ஒரு தடம் பிடித்துக்கொண்டு மற்ற மணிகளைத் தொடாமலே போகும். அகன்ற தொட்டியில் மணிகளைக் கிளப்பிக் கழுவ அதிக வேகமுள்ள நீரும் வேண்டும். உங்கள் கிணற்றுப் பம்பு அதைத் தருமா என்பது ஐயம். ஆகவே உங்கள் எண் 180ஐ ஒட்டி இருந்தால் 25 லிட்டரே சரி. 300க்கு மேல் வந்தால் 40 லிட்டர் பக்கம் போகலாம்.

விளம்பரத் தாளில் '32,000 கிரெய்ன்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். 32,000 கிரெய்ன் என்பது ஏறத்தாழ 2,070 கிராம். 28 லிட்டர் ரெசினில் அந்த அளவை எட்ட, லிட்டருக்கு 240 கிராம் வரை உப்பைக் கொட்ட வேண்டும். உப்பு இரண்டரை மடங்கு ஆகும்போது கிடைக்கும் பலன் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் ஆகிறது. எந்த உப்பளவில் எத்தனை கிரெய்ன் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்க வேண்டாம்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்கிறேன். நாளைக் கணக்கிட்டுக் கழுவும் இயந்திரமும் உண்டு, ஓடிய நீரைக் கணக்கிட்டுக் கழுவும் இயந்திரமும் உண்டு. என் தங்கை வீட்டில் முதல் வகையைப் பொருத்தினார்கள். தீபாவளிக்குப் பத்து நாள் வீடு பூட்டிக் கிடந்தபோதும் அது மூன்று நாளுக்கு ஒரு முறை கழுவிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் 150 லிட்டருக்குக் குறையாத நீரும் இரண்டரைக் கிலோ உப்பும் வடிகாலில் போயின. விலை சற்றுக் கூடினாலும் இரண்டாம் வகையையே வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் கிணற்று நீர் இறைக்கும்போது தெளிவாக இருக்கிறது, வாளியில் ஓர் இரவு வைத்தால் மஞ்சளாகி அடியில் படிகிறது. பெரிய மென்மையாக்கி வாங்கினால் இதுவும் சேர்ந்து போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: அது இரும்பு. கரைந்த நிலையில் உள்ள சிறிதளவு இரும்பை மென்மையாக்கி பிடிக்கத்தான் செய்யும். அளவு கணக்கிடும்போது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இரும்பை 70 மில்லிகிராம் கடினத்தன்மைக்கு ஈடாகச் சேர்த்துக்கொள்வது வழக்கம். ஆனால் உங்கள் வாளியில் நடந்தது போலக் காற்றுப் பட்டுத் துருவாக மாறிய இரும்பு, மணிகளின்மேல் பூச்சாகப் படிந்து அவற்றைப் பயனற்றதாக்கும். உப்பால் அதைக் கழுவ முடியாது. எத்தனை பெரிய மென்மையாக்கியும் இதற்குத் தீர்வு ஆகாது. முதலில் காற்றூட்டி இரும்பைப் படியவைத்து மணல் வடிகட்டியில் நீக்கிவிட்டு, அதன்பின் மென்மையாக்கிக்கு அனுப்ப வேண்டும். இரும்புக்குக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். நிறம் தெரியும்படி இருக்கும் உங்கள் நீரை, சாம் (SAMM) எனப்படும் மலேசிய ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடம் ஒன்றில் இரும்பு, மாங்கனீசு இரண்டுக்கும் சோதித்துவிட்டுப் பணத்தைச் செலவிடுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு இரத்தக் கொதிப்பு. மென்மையாக்கிய நீரைக் குடிக்கலாமா? வாசலில் உள்ள கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாமா?

பதில்: நீக்கப்படும் ஒவ்வொரு 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கும் 46 மில்லிகிராம் சோடியம் நீரில் சேர்கிறது. 200 அளவு நீரானால் லிட்டருக்கு 92 மில்லிகிராம். குடிநீரில் சோடியத்துக்கு அமைச்சின் வரம்பு 200 என்பதால் இது வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆயினும் உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர் இதைக் கூட்டிக்கொள்ளத் தேவையில்லை. சமையலறைக் குழாயையும் வாசல் குழாயையும் மென்மையாக்கிக்கு முன்பே பிரித்து விடும்படி குழாய் பொருத்துபவரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். செடிக்கும் அதுவே நல்லது. சோடியம் மண்ணில் சேரச் சேர மண் இறுகிவிடும்.

கேள்வி: நீங்கள் சொல்வது போலவே கணக்குப் பார்த்துச் சரியான அளவுதான் வாங்கினேன் ஐயா. மூன்று மாதமாகியும் உப்புத் தொட்டியில் உப்புக் குறையவே இல்லை, சோப்பும் நுரைக்கவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள் தம்பி. இரண்டு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, இயந்திரத்தை எங்கே பொருத்தியிருக்கிறார்கள் என்பது. நம் வீடுகளில் நீர் முதலில் கூரைக்கடியில் உள்ள தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து தன் எடையால் கீழே இறங்குகிறது. பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். உங்கள் தொட்டியிலிருந்து இயந்திரத்துக்கு நான்கு மீட்டர் என்றால் 0.4 பார்தான். உப்புக் கரைசலை உறிஞ்சும் நுண்துளை வேலை செய்வதற்கு ஏறத்தாழ 1.5 பாராவது வேண்டும். தொட்டிக்குப் பின்னால் பொருத்தியிருந்தால் இயந்திரம் கழுவுவது போல ஓசை எழுப்பும், உப்பைத் தொடாது. அதைக் கழற்றித் தொட்டிக்கு முன்னால், பம்பின் அழுத்தம் நேராகக் கிடைக்கும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். தவறான இடத்தில் பொருத்தியது அவர்கள் குறையானதால், இடம் மாற்றுவதற்குக் கூலி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, உப்புப் பாலம். நம் ஊர் ஈரக் காற்றில் உப்பின் மேற்பகுதி கட்டியாகி, கீழே வெற்றிடம் விட்டு அந்தரத்தில் நிற்கும். மூடியைத் திறந்து பார்த்தால் தொட்டி நிறைந்திருப்பதாகவே தோன்றும். துடைப்பக் கட்டையின் முனையால் மெல்லக் குத்துங்கள். ஓடு உடைவது போல உடைந்து உள்ளே விழும். தொட்டியைப் பாதிக்குமேல் நிரப்பாமல் இருந்தால் இது எளிதில் வராது.

கேள்வி: எங்கள் தாமானில் குழாய் நீர்தான். இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கே வந்து, ஒரு குவளையில் எங்கள் குழாய் நீரையும் இன்னொன்றில் அவர்களது நீரையும் ஊற்றி, மின்சாரம் பாய்ச்சும் கம்பிகளை வைத்தார்கள். எங்கள் நீர் சேறு போலப் பழுப்பாகிவிட்டது. அவர்களது நீர் தெளிவாகவே இருந்தது. அம்மா பயந்துபோய் ஐந்தாண்டுத் தவணையில் பெரிய மென்மையாக்கிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான்கு நாள் ஆகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அம்மாவின் அச்சத்தைப் போக்குங்கள். அந்தப் பழுப்பு உங்கள் நீரில் இருந்த அழுக்கன்று. கம்பிகளில் ஒன்று இரும்பு. நீரில் இயல்பாக இருக்கும் தாது உப்புகள் மின்சாரத்தைக் கடத்த, அந்த இரும்பு கரைந்து துருவாகிறது. அவர்கள் கொண்டுவந்தது உப்புகள் நீக்கப்பட்ட நீர். அது மின்சாரத்தைக் கடத்தாததால் கம்பி கரையவில்லை. அதே நீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுக் கம்பியை வைக்கச் சொல்லியிருந்தால், அதுவும் பழுப்பாகியிருக்கும். தவிர, மென்மையாக்கி தாது உப்புகளின் மொத்த அளவைக் குறைப்பதில்லை. ஒன்றை எடுத்து இன்னொன்றைக் கொடுக்கிறது. அவர்கள் காட்டிய சோதனைக்கும் விற்ற பொருளுக்கும் தொடர்பே இல்லை.

உங்கள் தாமானின் குழாய் நீரையும் சொட்டு மருந்தால் அளந்து பாருங்கள். ஆற்று நீரைச் சுத்திகரித்து வழங்கும் இடங்களில் மூன்று நான்கு சொட்டிலேயே நிறம் மாறிவிடுவது இயல்பு. அப்படியானால் உங்களுக்கு ஏற்ற அளவு பூச்சியம்.

வீடு தேடி வந்து விற்கும் வணிகத்தை 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஒப்பந்தத்துக்குப் பின் 10 வேலை நாளுக்குள் அதை ரத்து செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்காமல், ஒப்பந்த எண்ணையும் நாளையும் குறிப்பிட்டு, ரத்து செய்கிறேன் என்று அம்மாவின் கையெழுத்தோடு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்; ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்குள் அவர்கள் பொருத்த வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். முன்பணத்தைத் தர மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனுச் செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை. கடிதத்தை இன்றே எழுதிவிடுங்கள்.