மூளை அலைக் கருவி இருந்தால் மயக்கம் பாதுகாப்பானதா?

கேள்வி: என் தாயாருக்கு 66 வயது. மார்பில் உள்ள சிறு கட்டியை அகற்ற வேண்டும், காலையில் சேர்ந்து மாலையே வீட்டுக்குப் போய்விடலாம் என்று கூறியிருக்கிறார்கள். முழு மயக்கம் தேவையில்லை, மரப்பு ஊசியுடன் லேசான மயக்கம் போதும், நெற்றியில் பட்டை ஒட்டி மூளை அலைகளைப் பார்த்தபடியே மருந்து கொடுப்போம் என்கிறார்கள். அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. இரவில் பலமாகக் குறட்டை விடுவார். பாதியில் விழித்துவிடுவாரோ, அல்லது மருந்து அளவு மீறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அந்தக் கருவியை நம்பலாமா?

பதில்: அந்தக் கருவி பயனுள்ளதுதான். ஆனால் உங்கள் தாயாரைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமான கேள்வி, அவருடைய மூச்சை யார், எதைக் கொண்டு கவனிக்கப் போகிறார்கள் என்பதே.

நெற்றியில் ஒட்டப்படும் பட்டையில் சிறு வட்டங்களாக மின்முனைகள் இருக்கும். அவை மூளையின் முன்பகுதியிலிருந்து வரும் மிக நுண்ணிய மின்னலைகளைப் பிடித்துத் தருகின்றன. மனித மூளையின் இந்த அலைகளை 1924இல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலில் பதிவு செய்தார். விழித்திருக்கும்போது வேகமாகவும் சிறிதாகவும் ஓடும் அலைகள், புரோபோஃபால் போன்ற மயக்க மருந்து ஏற ஏற மெதுவாகவும் பெரிதாகவும் மாறும். இந்த மாற்றத்தைக் கணக்கிட்டு, 0 முதல் 100 வரையிலான ஒரே எண்ணாகத் திரையில் காட்டுவதுதான் 1990களில் புழக்கத்துக்கு வந்த ‘பிஸ்’ கருவியின் வேலை. முழு விழிப்பில் அந்த எண் 100ஐ ஒட்டியும், பெரிய அறுவைக்கான முழு மயக்கத்தில் 40க்கும் 60க்கும் இடையிலும் இருக்கும். உங்கள் தாயாருக்குச் சொல்லப்பட்டிருக்கும் லேசான மயக்கத்தில் அது 60க்கு மேல், பெரும்பாலும் 70களில் நிற்க வேண்டும். 60க்குக் கீழே இறங்கிவிட்டால், தேவைக்கு மேல் ஆழமாகிவிட்டது என்று புரிந்துகொண்டு மருந்தைக் குறைக்கலாம். வயதானவர்களுக்குச் சிறிதளவு மருந்தே அதிகமாகிவிடும் என்பதால், இந்த முன்னறிவிப்பு அவர்களுக்குக் கூடுதலாக உதவும். கருவியைப் பார்த்து மருந்து கொடுத்தவர்களுக்குப் புரோபோஃபாலின் அளவு ஓரளவு குறைந்ததையும், அவர்கள் சில நிமிடங்கள் முன்னதாகவே தெளிந்ததையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆனாலும் அந்த எண்ணை அப்படியே நம்பிவிட முடியாது. நோயாளி புருவத்தைச் சுருக்கினால்கூட நெற்றித் தசையின் மின்னோட்டம் கலந்து எண் உயரும். இரத்தக் கசிவை நிறுத்த மின்சூட்டுக் கருவியைப் பயன்படுத்தும்போது அலைகள் குழம்பிப்போகும். கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் கொடுத்திருந்தால் நோயாளி ஆழ்ந்திருக்கும்போதே எண் ஏறும். அதை விழிப்பு என்று எண்ணி இன்னும் மருந்து செலுத்துவது ஆபத்தானது. எண் கணக்கிடப்பட்டுத் திரைக்கு வர சில விநாடிகள் பிடிப்பதால், அது காட்டுவது சற்று முந்தைய நிலையைத்தான். வலியை அது அளப்பதே இல்லை; வலியை மரப்பு ஊசிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாதியில் விழிப்பது பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். லேசான மயக்கத்தில் பேச்சுக் குரல் காதில் விழுவதும், தொடுவது தெரிவதும், கூப்பிட்டால் கண் திறப்பதும் இயல்பானவை. அந்த மயக்கத்தின் நோக்கமே அதுதான். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014இல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், ‘அறுவையின்போது விழித்திருந்தேன்’ என்று முறையிட்டவர்களில் சிலர் உண்மையில் லேசான மயக்கம் மட்டுமே பெற்றவர்கள் என்றும், அது எப்படி இருக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சரியாக விளக்கவில்லை என்றும் தெரியவந்தது. ஆகவே உங்கள் தாயாரிடம் இதை இன்றே பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். வலித்தால் உடனே சொல்லலாம், மேலும் மரப்பு ஊசி போடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

இனி அந்தக் குறட்டை. தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் இருக்குமோ என்று அறிய நாங்கள் கேட்கும் எட்டுக் கேள்விகளில் குறட்டை, இரத்த அழுத்தம், 50ஐக் கடந்த வயது ஆகிய மூன்றும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. மூன்று இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்குச் சிறு மயக்கத்திலேயே நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடலாம். பிஸ் எண் 75 என்று அழகாக நிற்கும் அதே வேளையில் மார்பு எழும்பித் தாழ்ந்தும் காற்று உள்ளே போகாதிருக்கலாம். மூக்கில் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால், விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டரும் மூச்சு நின்ற பிறகு சிறிது நேரம் 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவை அலையாகக் காட்டும் கேப்னோகிராஃபி கருவியில்தான் அடைப்பு உடனே தெரியும். அந்த அலை தட்டையானதுமே தாடையைத் தூக்கிப் பிடித்து வழியைத் திறந்துவிடலாம். பிஸ், கேப்னோகிராஃபி ஆகிய இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், உங்கள் தாயாருக்கு நான் தயங்காமல் கேப்னோகிராஃபியையே கேட்பேன்.

மயக்க மருந்து நிபுணரை அறுவைக்கு முன்பே சந்தித்து, குறட்டையையும், தாயார் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், குறிப்பாகத் தூக்க மாத்திரை இருந்தால் அதையும் சொல்லுங்கள். அறுவை முடியும்வரை வேறு எந்த வேலையும் இல்லாமல் தாயாரை மட்டுமே கவனிக்க ஒருவர் இருப்பாரா என்றும் கேளுங்கள். கத்தி பிடித்திருக்கும் அறுவை மருத்துவரே மயக்கத்தையும் பார்த்துக்கொள்வார் என்றால் நான் சம்மதிக்க மாட்டேன். அன்று காலை தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம். நெற்றியில் எண்ணெயோ குங்குமமோ திருநீறோ இருந்தால் பட்டை சரியாக ஒட்டாது, அலைகளும் தெளிவாக வராது. திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்திவிட வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையில் எதை அன்று போடலாம் என்பதை மயக்க மருந்து நிபுணரே சொல்வார்.

வீடு திரும்பிய முதல் இரவு தலையணையைச் சற்று உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். தூக்க மாத்திரை வேண்டாம், வலிக்கு எழுதித் தரும் மாத்திரை தூக்கம் வரவழைப்பதா என்று கேட்டு வாங்குங்கள். அன்றிரவு யாராவது ஒருவர் அதே அறையில் படுத்திருப்பது நல்லது. தட்டி எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலோ, மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ, உதடு நீலமானாலோ விடியும்வரை காத்திராமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.