கோழிக்கூண்டும் இரவுக் காவலும்: வாசகர் கேள்வி-பதில்

புறக்கடைக் கோழி வளர்ப்பைப் பற்றி வரும் கடிதங்களில் தீவனத்தைவிடவும் நோயைவிடவும் அதிகம் பேசப்படுவது இழப்புதான்: இரவில் அடைத்த கோழி காலையில் இல்லை, அல்லது உயிரோடு இல்லை. இவ்விதழுக்குத் தேர்ந்தெடுத்த ஐந்து கேள்விகளும் கூண்டையும் அதற்குள் நுழையும் விலங்குகளையும் பற்றியவை.

கேள்வி (கரூர் மாவட்ட வாசகி): ஓடு வேய்ந்த சிறிய கொட்டகையில் நாட்டுக்கோழிகளை அடைத்து வருகிறோம். கதவு பூட்டியது பூட்டியபடி இருக்க, அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் ஐந்து கோழிகள் கழுத்தில் கடிபட்டுச் செத்துக் கிடந்தன. ஒன்றைக்கூட எதுவும் தூக்கிச் செல்லவில்லை. கீரியின் வேலை என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். அதுதான் வந்திருக்குமா? எப்படித் தடுப்பது?

பதில்: கீரியின் மீது பழி சுமத்துவதற்கு முன் நேரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். கீரி பகலில் இரை தேடும் விலங்கு. நள்ளிரவில் கூரை வழியாக இறங்குவது அதன் வழக்கமன்று. கதவு பூட்டியிருந்தும் உள்ளே சாவு நேர்ந்திருப்பதாலும், கூரை ஓட்டுக்கூரையாக இருப்பதாலும், மரநாய் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அது இரவில் நடமாடும், மரமும் சுவரும் ஏறும், தளர்ந்த ஓட்டை விலக்கிக்கொண்டு இறங்கும். அடைபட்ட இடத்தில் கோழிகள் படபடக்கும்போது, பசிக்குத் தேவையானதைவிட அதிகமான கோழிகளைக் கடித்துப் போட்டுவிட்டுச் செல்வதும் உண்டு.

இதை உறுதிசெய்ய இரண்டு வழிகள் உள்ளன. மரநாயின் முதன்மை உணவு பழங்கள்தான் என்பதால், மதில் மேலோ கூரை மேலோ விதைகள் நிறைந்த எச்சம் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்தது. மற்றொன்று, சலித்த சாம்பலையோ நுண்மணலையோ கொட்டகையைச் சுற்றி மாலையில் மெல்லியதாகத் தூவி வைப்பது. நாயின் தடத்தில் நான்கு விரல்களும் நகக்குறிகளும் இருக்கும். பூனையின் தடத்தில் நான்கு விரல்கள் இருக்கும், நகம் பதியாது. மரநாய்க்கும் கீரிக்கும் ஐந்து விரல்கள்.

பிற விலங்குகளும் தத்தம் அடையாளத்தை விட்டே செல்கின்றன. கோழி முழுதாகக் காணாமற்போய்ச் சிறிது இறகு மட்டும் கிடந்தால் காட்டுப்பூனையையோ நரியையோ நினைக்கலாம். பல கோழிகள் பிய்க்கப்பட்டு, இறகு முற்றமெங்கும் சிதறி, இறைச்சி பெரும்பாலும் தின்னப்படாமல் கிடந்தால் அது தெருநாய். முட்டைகள் ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பு. உடைந்த ஓடு கிடந்தால் கீரி, காகம், எலி ஆகியவற்றில் ஒன்று. சுவரோரம் மண் குவிந்த வளை இருந்தால் பெருச்சாளி கீழிருந்து வருகிறது.

உங்கள் கொட்டகைக்கு முதலில் தேவைப்படுவது ஓடுகளுக்கு அடியில், சட்டங்களின் மேல் இழுத்து அறையப்பட்ட கம்பி வலை. ஓட்டை விலக்கினாலும் வலை நிற்கும். சுவரின் தலைக்கும் கூரைக்கும் நடுவே காற்றுக்காக விட்ட இடைவெளியையும் அதே வலையால் மூடுங்கள். கூரைமேல் சாய்ந்திருக்கும் கிளைகளைக் கழித்துவிடுங்கள். இறந்த கோழிகளை வேலியோரம் எறியாமல் ஆழமாகப் புதையுங்கள். இல்லையென்றால் அந்த வாடைக்கு நாய்கள் வரும். ஒருமுறை வந்த விலங்கு மறுநாளும் அதே வழியில் வரும் என்பதை உங்கள் இரண்டாம் இரவே காட்டிவிட்டது. ஆகவே இந்த வேலையை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒத்திவைக்க வேண்டாம்.

நஞ்சு கலந்த இறைச்சி வைக்கலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. மரநாய், கீரி, காட்டுப்பூனை, உடும்பு, சாரைப்பாம்பு ஆகிய அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. அவற்றைக் கொல்வது குற்றம். அந்த இறைச்சியைத் தின்பது பக்கத்து வீட்டு நாயாகவும் இருக்கலாம். வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது அதைவிடக் கொடியது; அதில் மனிதர்களே மாண்டிருக்கிறார்கள்.

கேள்வி (தென்காசி மாவட்ட வாசகர்): பன்னிரண்டு பெட்டைகளுக்கும் ஒரு சேவலுக்கும் புதிதாகக் கூண்டு கட்ட இருக்கிறேன். எவ்வளவு இடம் வேண்டும், எந்த வலை வாங்க வேண்டும், எந்தத் திசையில் அமைக்க வேண்டும் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: கையில் உள்ள பணத்தைப் பெரிய கொட்டகைக்குப் பரப்பிச் செலவிடுவதைவிட, இரவு அறையைச் சிறிதாகவும் உறுதியாகவும் கட்டி, பகலில் உலவும் இடத்தை எளிய வேலியோடு விட்டுவிடுவதே நல்லது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முற்றம் முழுவதையும் வலையால் வளைத்துவிட்டு, கோழி தூங்கும் இடத்துக்குப் பழைய தகரத்தைச் சாய்த்து வைக்கிறார்கள்.

இரவு அறையில் கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி போதும். உங்கள் 13 கோழிகளுக்கு 7 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட அறை தாராளமானது. பகல் முற்றத்துக்குக் கோழிக்கு 10 சதுர அடி என்று கணக்கிடுங்கள். இடம் அதிகம் இருந்தால் அதிகமாகவே விடுங்கள். அறையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டுமே அடிக்கும். நீண்ட பக்கங்களான வடக்கும் தெற்கும் காற்றுக்குத் திறந்திருக்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே திருடனுக்குப் பயந்து நான்கு புறமும் சுவரெழுப்பி அடைத்தால், சித்திரை வெயிலில் மரநாய் செய்யாததை வெப்பம் செய்துவிடும். சுவரை ஒன்றரை அடி உயரத்துக்கு மட்டும் செங்கல்லால் கட்டி, அதற்கு மேல் கூரைவரை வலை அடிப்பதே நம் ஊருக்குப் பொருத்தம். கூரையை 2 முதல் 3 அடி வெளியே நீட்டினால் சாரல் உள்ளே வராது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்கிலிருந்து மழை வீசும்போது வடக்குப் பக்கத்துக்கு ஒரு சாக்குத் திரை கட்டிக்கொள்ளலாம்.

வலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான இழப்புகள் இங்கேதான் தொடங்குகின்றன. கடையில் கோழிவலை என்று கேட்டால் அறுகோணக் கண்களையுடைய மெல்லிய முறுக்குக் கம்பி வலையை எடுத்துக் கொடுப்பார்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும். நாய் உள்ளே வராமல் தடுக்காது. நாய் பல்லால் இழுத்தால் அது பிரிந்துவிடும். துருப்பிடித்த பின் பெருச்சாளிகூட அறுத்துவிடும். இரவு அறைக்கு அரை அங்குலச் சதுரக் கண்ணும், குறைந்தது 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள கம்பியும் கொண்ட, துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ் (கம்பிகள் சந்திக்கும் இடங்களைப் பற்றவைத்த வலை) வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அறை சிறிதாக இருப்பதால் தேவைப்படும் அளவும் குறைவு. வலையைச் சட்டத்தின் வெளிப்பக்கத்தில் பொருத்துங்கள். வெளியிலிருந்து ஒரு விலங்கு தள்ளும்போது வலை சட்டத்தோடு அழுந்துமே தவிரப் பிடுங்கிக்கொண்டு போகாது. வளைத்து அடித்த ஆணிகளை நம்பாமல், ஓரங்களின் மேல் மரப்பட்டை வைத்து, வாஷரோடு திருகாணி முடுக்குங்கள்.

அடித்தளத்தைத் தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி உயர்த்தி, கருங்கல் ஜல்லிக் கான்கிரீட் போடுவது பெருச்சாளிக்கும் ஈரத்துக்கும் ஒருசேர விடை. அதன் மேல் உமியோ கடலைத்தோலோ 2 முதல் 3 அங்குலம் பரப்பி, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் எச்சம் காய்ந்துவிடும். குனிந்து கோழியின் தலை உயரத்தில் முகர்ந்து பாருங்கள். கண் எரியும்படி நெடி அடித்தால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். கான்கிரீட்டுக்குப் பணம் இல்லாமல் மண்தரையே வைப்பதானால், சுவரின் அடியிலிருந்து வெளிப்புறமாக ஒன்றரை அடி அகலத்துக்கு வலையைப் படுக்கவைத்து, அதன்மேல் மண்ணும் கல்லும் பரப்புங்கள். தோண்டும் விலங்கு எப்போதும் சுவரை ஒட்டியே தோண்டத் தொடங்கும். வலை தட்டுப்பட்டதும் வேறிடம் பார்க்குமேயன்றி, ஒன்றரை அடி பின்வாங்கி அங்கிருந்து தோண்டும் யோசனை அதற்கு வருவதில்லை.

உள்ளே, கோழிகள் ஏறி உறங்க 7 அடி நீளத்தில் இரண்டு தண்டுகளைச் சம உயரத்தில் அமைத்தால் 14 அடி கிடைக்கும்; கோழிக்கு 8 அங்குலம் என்றால் 9 அடிக்குள் அடங்கிவிடும் என்பதால் மீதி இடம் குஞ்சுகள் வளர்ந்த பின் உதவும். ஒரு தண்டு உயரமாக இருந்தால் இரவுதோறும் அதற்காகச் சண்டை நடக்கும். முட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஓர் அடிச் சதுரமாக, 3 போதும். அவை தண்டைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோழிகள் பெட்டியிலேயே உறங்கி முட்டையிடும் இடத்தை அசுத்தமாக்கும். மூங்கில் தண்டு மலிவு என்றாலும் அதன் வெடிப்புகளில் கோழி உண்ணிகள் பகலெல்லாம் ஒளிந்திருந்து, இரவில் வெளிவந்து இரத்தம் குடிக்கும். உணவின்றிப் பல மாதங்கள் உயிரோடிருக்கவும் அவற்றால் முடியும். விளிம்பு மழித்த மரத்தண்டே மேல். சுவர்ப் பொந்துகளைப் பூசி, ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடியுங்கள்.

கதவு மட்டும் மீதி. அது நிலைச்சட்டத்தின் மேல் படிந்து மூடும்படி, வெளிப்புறமாகத் திறப்பதாக இருக்கட்டும். கீழே சிமெண்டுப் படி வைத்து, இடைவெளி அரை அங்குலத்துக்கு மிகாமல் பாருங்கள். குற்றால மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குக் குரங்குகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை: வெறும் கொண்டியை அவை திறந்துவிடும், பூட்டுப் போடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர் மாவட்ட வாசகி): வயலை ஒட்டிய வீடு. பாம்பு வந்து முட்டைகளை விழுங்குகிறது. பூண்டு கரைசல் தெளித்தோம், பினாயில் ஊற்றினோம், நைலான் வலையும் கட்டினோம். பயனில்லை. வேறு என்ன செய்யலாம்?

பதில்: வாடை எதுவாயினும் இரை இருக்கும் இடத்துக்குப் பாம்பு வருவதை அது நிறுத்தாது. பினாயில் உங்கள் கோழிகளுக்குத்தான் தொல்லை. நைலான் வலையை உடனே அகற்றுங்கள். பாம்பு அதில் சிக்கி, முன்னும் பின்னும் போக முடியாமல் இறுகி இறக்கும், அதை விடுவிக்கக் கைநீட்டுபவர் கடிபடவும் நேரும்.

பாம்பு உங்கள் வீட்டுக்கு வருவதற்குக் கோழி இரண்டாம் காரணம். முதல் காரணம் எலியாகவே இருக்கும். மாலையில் மிஞ்சிய தீவனத்தைத் தொட்டியில் விட்டுவிட்டால் எலி வரும், எலியைத் தொடர்ந்து சாரையும் நல்ல பாம்பும் வரும். ஆகவே அடைக்கும் நேரத்தில் தீவனத் தொட்டியைக் காலிசெய்து, தீவன மூட்டையை மூடியுள்ள தகர டிரம்மில் வையுங்கள். கூண்டைச் சுற்றி 5 அடிக்கு விறகு, ஓலைக்கட்டு, செங்கல் அடுக்கு எதுவும் இருக்கக் கூடாது. மேலே சொன்ன அரை அங்குல வலையில் பாம்புக் குட்டிகள் நுழையக்கூடும் என்றாலும், முட்டையை விழுங்கும் அளவுள்ள பாம்பு நுழையாது. சாரை பகலில் திரியும் என்பதால், இரவுக் காவல் மட்டும் போதாது. முட்டைகளை நண்பகலுக்குள் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் எடுத்துவிடுங்கள்.

காலையில் குஞ்சு ஒன்று தலையும் தோளும் ஈரமாக, காயமின்றிச் செத்துக் கிடந்தால், பாம்பு விழுங்க முயன்று கைவிட்டிருக்கலாம். இரை கொண்ட பாம்பு வந்த துளைவழியே திரும்ப முடியாமல் உள்ளேயே சுருண்டு கிடப்பதும் உண்டு. எனவே முட்டைப் பெட்டிக்குள் கண்ணால் பார்த்த பின்பே கையை விடுங்கள். பாம்பு இருந்தால் தீயணைப்புத் துறையை அழைக்கலாம்.

கேள்வி (கன்னியாகுமரி மாவட்ட வாசகர்): பொரித்த குஞ்சுகளில் பாதியைப் பகலிலேயே காகமும் வல்லூறும் தூக்கிச் செல்கின்றன. முற்றம் முழுவதும் மேலே வலை போட முடியாது.

பதில்: போடவும் வேண்டாம். முதல் நான்கு வாரங்களுக்குத் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரம் எனும் கூடையால் கவிழ்த்து மூடி, நிழலில் வையுங்கள். மேலே ஒரு கல் ஏற்றினால் நாய் புரட்டாது. பஞ்சாரம் பகலுக்கு உரிய சாதனம் மட்டுமே, இரவில் அதை நம்பக் கூடாது. குஞ்சுகள் வெளியே திரியும் வயதில், அவற்றுக்கு ஓடி ஒளிய இடம் வேண்டும். வெட்டவெளியாகப் பெருக்கி வைத்த முற்றத்தில்தான் இழப்பு அதிகம். தாழ்வான பந்தலில் பீர்க்கையோ பாகலையோ படரவிட்டால் காயும் கிடைக்கும், தாய்க்கோழி எச்சரிக்கைக் குரல் கொடுத்ததும் குஞ்சுகள் அடியில் புகுந்துகொள்ளும். இந்த வேலையைத் தாய்க்கோழி செய்வதைப் போல எந்தக் கருவியும் செய்யாது. இன்குபேட்டரில் பொரித்து வாங்கிய குஞ்சுகளை அதே வயதில் வெளியே விட்டால் இழப்பு கூடுவதற்குக் காரணம் இதுவே. சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி வகையின் பெட்டைகள் அடைகாப்பதிலும் குஞ்சு காப்பதிலும் பெயர்பெற்றவை. ஒன்றிரண்டையேனும் அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (செங்கல்பட்டு மாவட்ட வாசகி): கால்கள் உள்ள, அடிப்பகுதியும் கம்பி வலையால் ஆன ஆயத்த இரும்புக் கூண்டு வாங்கினோம். ஒரு கோழியின் விரல்கள் இரவில் கடிபட்டுள்ளன. கூண்டில் துளை ஏதும் இல்லை.

பதில்: துளை தேவையில்லை. அடிவலையின் கண் பெரிதாக இருப்பதால், எலியோ பெருச்சாளியோ கீழிருந்தபடியே தொங்கும் விரல்களைக் கடிக்கிறது. அடியில் அரை அங்குல வலையை இன்னொரு அடுக்காகக் கட்டி, உள்ளே இரண்டு அங்குல அகலமுள்ள தட்டையான தண்டு ஒன்றைக் குறுக்கே வைத்தால் கோழி வலைமேல் உறங்காமல் தண்டின்மேல் அமரும். கூண்டின் நான்கு கால்களிலும், எலி ஏறாமலிருக்கத் தென்னை மரத்தில் சுற்றுவதுபோல், வழவழப்பான தகடு சுற்றுங்கள். கூண்டைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் ஓர் அடி தள்ளி வையுங்கள், இல்லையேல் தகடு வீண். கடிபட்ட விரல்களை மஞ்சள் பூசி அப்படியே விடாமல், கழுவிக் கிருமிநாசினி இட்டு, காயம் ஆறும்வரை அக்கோழியைத் தனியே வையுங்கள்; மற்ற கோழிகள் இரத்தத்தைக் கண்டால் அதே இடத்தைக் கொத்தும்.