ஒன்பதாம் எண்ணை வாசித்ததும் சிரிக்கும் வகுப்பு

கேள்வி: என் பிள்ளைக்கு 14 வயது. பள்ளிப் பதிவில் பையன். போன வருடம் என்னிடம் வந்து, "நான் பொண்ணும்மா" என்றாள். அவள் அப்பாவுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை, ஆனால் திட்டுவதில்லை. பிரச்சினை பள்ளியில்தான். வருகைப் பதிவில் ஒன்பதாம் எண்ணை வாசித்ததும் மொத்த வகுப்பும் இவளைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறதாம். இவளுடைய எண் 22. திருநங்கைகளை 'ஒன்பது' என்று இழிவாகச் சொல்வார்களே, அதுதான் காரணம். தண்ணீர் பாட்டில் காலையில் போன மாதிரியே மாலையில் திரும்பி வருகிறது. வகுப்பாசிரியையோ, "பசங்க கேலிதானே. இவனைக் கொஞ்சம் நடையை மாத்திக்கச் சொல்லுங்க, நல்ல டாக்டர்கிட்டயும் காட்டுங்க" என்கிறார். பள்ளியை மாற்றிவிடலாமா?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஓர் அம்மா

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தத் தண்ணீர் பாட்டில்தான் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு பிள்ளை நாள் முழுக்க தண்ணீரே குடிக்கவில்லை என்றால், பெரும்பாலும் கழிப்பறைக்குப் போகப் பயந்துதான். ஆண்கள் பக்கம் போனால் கதவைத் தட்டி ஆட்டுவார்கள், மேலே ஏறி எட்டிப் பார்ப்பார்கள். பெண்கள் பக்கம் போக விடமாட்டார்கள். அதனால் வாயைக் கட்டிக்கொள்கிறாள். தண்ணீரும் குடிக்காமல் சிறுநீரையும் அடக்கினால் தொற்று வர வாய்ப்பு அதிகம். எரிச்சல், அடிவயிற்று வலி இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

ஆசிரியை சொன்ன காரணத்துக்காகப் போக வேண்டாம். திருநராக, அதாவது பிறந்தபோது குறித்த பாலினத்தோடு மனம் ஒத்துப்போகாதவராக இருப்பது மனநோய் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் மனநோய்ப் பிரிவிலிருந்தே இதை எடுத்துவிட்டார்கள். நடையையும் மாற்றச் சொல்லாதீர்கள். இன்று நடை என்பார்கள், நாளை குரல், அப்புறம் சிரிப்பு. அதற்கு முடிவே கிடையாது.

'கேலி' என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. நண்பர்களுக்குள் கேலி என்றால் இவன் ஒன்று சொல்வான், அவன் ஒன்று சொல்வான். தினமும் ஒரே ஆளைக் குறிவைத்து நாற்பது பேர் சிரிப்பது கொடுமை. ஆசிரியர் அதைப் பார்த்தும் பேசாமல் இருந்தால், அனுமதி கிடைத்துவிட்டதாகத்தான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

பள்ளிக்குப் போவதற்கு முன் ஒன்று. மகளிடம் உட்கார்ந்து பேசுங்கள். "யாரிடம் எவ்வளவு சொல்லலாம்?" என்று அவளையே கேளுங்கள். அவள் சம்மதமில்லாமல் 'என் பிள்ளை திருநங்கை' என்று தலைமையாசிரியரிடம்கூடச் சொல்லிவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில் சொன்ன சொல்லும் மறுநாள் ஆசிரியர் அறைக்குள் சுற்றிவரும். புகார் கொடுக்க அதைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. என்ன தேதி, எந்தப் பாடவேளை, யார் என்ன சொன்னார்கள், எந்த ஆசிரியர் இருந்தார் – இவ்வளவு போதும். எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல்லாகப் போனால் 'விசாரிக்கிறோம்' என்பதோடு முடிந்துவிடும். பள்ளி ஒழுங்கு குழந்தையின் மாண்பைக் காக்கும்படி இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையே சொல்கிறது. அந்த வரியையும் புகாரில் சேருங்கள்.

முதலில் கேட்க வேண்டியது, தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை. ஆசிரியர்களுடையதாக இருந்தாலும் சரி. ஆனால் வேறு கட்டடத்தின் கோடியில் இருப்பதைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், இடைவேளை முழுக்க நடையிலேயே போய்விடும். அடுத்தது பெயர். பதிவேட்டில் மாற்ற நாளாகலாம். வகுப்பில் அவள் விரும்பும் பெயரால் கூப்பிட யார் உத்தரவும் தேவையில்லை, அவள் சரி என்றால் போதும். இது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவின் மூன்று நகரங்களில் 129 திருநர் இளையோரிடம் நடந்து, 2018-இல் வெளிவந்த ஆய்வில், வீடு, பள்ளி, வேலை, நண்பர்கள் என எத்தனை இடங்களில் விரும்பிய பெயர் புழங்கியதோ, அந்த அளவுக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் குறைவாக இருந்தன. வீட்டில் நீங்கள் எந்தப் பெயரில் கூப்பிடுகிறீர்கள்? கடிதத்தில் அதை எழுதவில்லையே.

வகுப்பில் அவளோடு பேசுகிற ஒரு பிள்ளையாவது இருக்கும். கனடாவில் பள்ளி மைதானங்களைப் படமெடுத்து ஆராய்ந்தவர்கள், சக மாணவர் ஒருவர் குறுக்கே வந்தபோது பாதிக்கு மேற்பட்ட தடவைகள் பத்து வினாடிக்குள் கொடுமை நின்றதைக் கண்டார்கள். சண்டை போட வேண்டாம். "வாடி, போகலாம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாலே போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் பள்ளி அசையவில்லை, அல்லது கைவைக்கிறார்கள் என்றால், தயங்காமல் மாற்றுங்கள். அது தோல்வி இல்லை. ஆனால் சேர்ப்பதற்கு முன்பே அங்கேயும் கழிப்பறையையும் பெயரையும் பேசிவிடுங்கள். "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரி அவள் எப்போதாவது பேசினால் மட்டும் எதற்கும் காத்திருக்காதீர்கள். தனியாக விடாமல் அன்றைக்கே மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போங்கள்.

இரண்டு வாரம் கழித்து பள்ளியிலிருந்து 'எல்லாம் சரியாகிவிட்டது' என்பார்கள். நீங்கள் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள்.