பழைய குடும்பப் படத்தை இங்க்ஜெட்டில் அச்சிட்டு மாட்ட எந்தத் தாள், எந்த மை நல்லது?

எந்தச் சுவரில் மாட்டப்போகிறீர்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். பால்மரத் தோட்டங்களால் வளர்ந்த ஊர். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைக் கொண்டுவந்து பெரிதாக்கித் தரச் சொல்வார்கள். முதலில் நான் செய்தது எங்கள் பாட்டி படம். டை மை, பளபளப்பான தாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்தது. சட்டம் போட்டு, பொட்டு வைத்து, மாலை சாத்தினோம். பூமாலை மேல் தெளித்த தண்ணீர் சட்டத்துக்குள் இறங்கி, பாட்டியின் சேலைக்கரை நீலமாகக் கசிந்துவிட்டது. முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அம்மா அதைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

டை மை என்பது கரைந்த சாயம், தாளின் பூச்சுக்குள் ஊறிவிடும். ஈரம் பட்டால் மறுபடி நகரும். பிக்மென்ட் மையில் நிறம் கரையாத நுண்துகளாக இருந்து தாளின் மேல்பரப்பில் தங்கும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் வெளிச்சத்துக்கும் அதுதான் தாங்கும். ஆகவே சுவர்ப் படத்துக்கு பிக்மென்ட். ஆல்பத்துக்குள் போகும் கல்யாணப் படத்துக்கு டை மையே போதும், பளபளப்பான தாளில் நிறம் துள்ளும். ஒன்றுக்கான பிரிண்டரில் மற்றதை ஊற்றாதீர்கள். கேனன் பிரிண்டர்களில் புரோ-200 டை மைக்கு, புரோ-300 பிக்மென்ட் மைக்கு.

சரி, தாள். பழைய படத்துக்கு பளபளப்பில்லாத மேட் பருத்தித் தாள்தான் என் தேர்வு. ஹானமூலே நிறுவனத்தின் போட்டோ ராக், சதுர மீட்டருக்கு 308 கிராம், முழுக்கப் பருத்தி. விலை அதிகம்தான், பாட்டி படத்துக்கு யோசிக்கவில்லை. பிரிண்டர் அமைப்பில் தாள் வகையைச் சரியாகக் கொடுங்கள். பளபளப்பான தாள் என்று கொடுத்தால் மேட் தாளுக்கான கறுப்பு மை மேட் பிளாக்குக்குப் பதில் பளபளப்பான தாளுக்கான போட்டோ பிளாக் இறங்கி, கருங்கூந்தல் சாம்பல் பூத்துப்போகும். அச்சிடும் முன் மென்மையான தூரிகையால் தாளைத் தட்டிவிடுங்கள். பருத்தித் தூசு மேல் மை விழுந்து அப்புறம் உதிர்ந்தால் கூந்தலில் வெள்ளைப் புள்ளி நிற்கும்.

ரொம்ப வெள்ளையான தாளைப் பார்த்து மயங்காதீர்கள். பல தாள்களில் அந்த வெள்ளை, ஒளிர்வூட்டும் ரசாயனத்தால் வருவது. நாளாக ஆக அது சக்தி இழந்து தாள் மஞ்சளாகத் தெரியும். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கைத் தாளின் மேல் காட்டுங்கள். பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் அந்த ரசாயனம் இருக்கிறது. லேசான பால் நிறத் தாள் பழைய படத்தின் சாயலுக்கும் ஒத்துப்போகும்.

அச்சானதும் ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே, படம் தெரிய உள்ளே வெட்டிய மவுண்ட் அட்டை வைத்துச் சட்டம் போடுங்கள். பாட்டியின் இரண்டாவது படத்தை அப்படித்தான் மாட்டியிருக்கிறேன். மாலையை மட்டும் இப்போது தண்ணீர் தெளிக்காமல் சாத்துகிறோம்.