நட்சத்திரத்தை விற்று வாங்கிய பையன்கள் தேறுவார்களா?

ஆஷ்பர்னிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார்: "வர்ஜீனியாவுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. கிரிக்கெட் தெரிந்த அளவுக்கு எனக்கு பேஸ்பால் தெரியாது. 11 வயது மகன் வாஷிங்டன் நேஷனல்ஸ் பைத்தியம். நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் டிரேடில் தள்ளிவிட்டு ஊர் பேர் தெரியாத பையன்களை வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று ஆபீஸில் எல்லோரும் திட்டுகிறார்கள். போன வாரம், ஆட்டக்காரர்களின் படம் போட்ட கார்டுகளை விற்கிற கார்டு ஷோவில் ஒருவர், அப்படி வந்த ஒரு பையனின் கையெழுத்துப் போட்ட கார்டை 180 டாலருக்கு நீட்டி, 'இப்பவே எடுத்துக்குங்க சார், ரெண்டு வருஷத்துல அஞ்சு மடங்கு' என்றார். மகன் அன்றிலிருந்து விடாமல் கேட்கிறான். டிரேடில் வந்தவன் உருப்படுவானா என்று என்னைப் போன்றவன் எப்படிக் கண்டுபிடிப்பது?"

அந்த 180 டாலரைக் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், அதனால் முதலில் பேஸ்பால்.

டிரேடு நடந்த ஒரு மணி நேரத்துக்குள் இணையத்தில் மார்க் போட்டுவிடுவார்கள், இந்த அணிக்கு ஏ பிளஸ், அந்த அணிக்கு எஃப் என்று. தயவுசெய்து அதைப் படிக்காதீர்கள். அதை எழுதுபவர்களில் பாதிப் பேர் அந்தப் பையன்கள் ஆடி ஒரு இன்னிங்ஸ்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இளம் ஆட்டக்காரர்களின் டாப் 100 பட்டியலில் எத்தனாவது இடம் என்று பார்த்து அதை வாக்கியமாக்கி விடுவார்கள், அவ்வளவுதான். நான் சில வருடங்கள் ஆட்டக்காரர்களின் எண்களைத் துருவிப் பார்க்கிற வேலையில் இருந்தவன், அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கும் ஒன்றும் தெரியாது.

உங்கள் அணியையே எடுத்துக்கொள்வோம். 2022 ஆகஸ்ட் 2. நேஷனல்ஸின் நட்சத்திர பேட்டர் ஹுவான் சோட்டோ, வயது 23. 15 வருடத்துக்கு 440 மில்லியன் டாலர் தருகிறோம் என்று நேஷனல்ஸ் சொன்னதற்கு அவர் வேண்டாம் என்றுவிட்டார், இவர்கள் அவரையும் ஜாஷ் பெல்லையும் சான் டியேகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவர்கள் ஆறு பேர்: சிஜே ஏப்ரம்ஸ், மெக்கென்சி கோர், ராபர்ட் ஹாசல், ஜேம்ஸ் வுட், ஹார்லின் சுசானா, அப்புறம் லூக் வாய்ட். இந்த ஆறாவது ஆள் வந்த கதை வேறு. முதலில் வருவதாக இருந்தவர் எரிக் ஹாஸ்மர். வாஷிங்டனுக்கு வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை அவருடைய ஒப்பந்தத்தில் இருந்தது, சொல்லிவிட்டார். உடனே வாய்ட்டைப் பெட்டி கட்டச் சொன்னார்கள். அந்த சீசன் முடிந்ததும் நேஷனல்ஸ் அவரை விட்டுவிட்டது.

இதில் சோட்டோவின் பேட்டிங்கும் ஜேம்ஸ் வுட்டின் பேட்டிங்கும் எது பெரிது என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வியே தவறு. இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: வந்தவன் எத்தனை வருடம் உங்கள் அணிக்குக் கட்டுப்பட்டவன், அந்த வருடங்களில் அவனுக்கு என்ன சம்பளம்? டிரேடில் கைமாறுவது ஆள் இல்லை, ஆளின் மீதமிருக்கிற வருடங்கள்.

கணக்கு இதுதான். மேஜர் லீகுக்கு, அதாவது உச்சப் படிக்கு, வந்த பையன் ஆறு வருட சர்வீஸ் முடிக்கும் வரை வேறு அணிக்குத் தானாகப் போக முடியாது. முதல் மூன்று வருடம் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம் (2025இல் அது 7,60,000 டாலர்), அடுத்த மூன்று வருடம் நடுவர் முன்னால் உட்கார்ந்து பேரம், அதற்குப் பிறகு சுதந்திரம். சோட்டோவை சான் டியேகோ வாங்கியபோது அவருக்கு மீதி இருந்தது இரண்டரை சீசன்தான். கடைசி வருடமான 2024இல் சம்பளம் மட்டும் 31 மில்லியன், அதற்குள் அவரை யாங்கீஸிடம் தள்ளிவிட்டார்கள், அந்த சீசன் முடிந்ததும் அவர் மெட்ஸுடன் 15 வருடத்துக்கு 765 மில்லியன் பேசிக்கொண்டு போய்விட்டார். இந்தப் பக்கம் ஜேம்ஸ் வுட், டிரேடு நடந்தபோது வயது 19, ஆடிக்கொண்டிருந்தது அதற்குக் கீழே இருக்கிற மைனர் லீகின் கீழ்ப்படியில். 2024 ஜூலையில்தான் மேஜர் லீகுக்கு வந்தார். எண்ணிப் பாருங்கள், 2030 சீசன் முடியும் வரை அணியின் கட்டுப்பாட்டில் இருப்பவர். 2025இல் 31 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார், நட்சத்திரங்களின் ஆட்டத்துக்குத் தேர்வாகி ஆல் ஸ்டார் ஆனார், சம்பளமோ ஏறக்குறைய அந்தக் குறைந்தபட்சம்தான். வுட்டைவிட சோட்டோ நல்ல பேட்டர், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த டிரேடு சரி.

"ஒரு வருடம்" என்கிறேனே, அதிலும் ஒரு அயோக்கியத்தனம் இருக்கிறது. 172 நாள் பெரிய அணியில் இருந்தால் ஒரு வருட சர்வீஸ். 2015இல் ஷிகாகோ கப்ஸ், கிரிஸ் பிரையன்ட்டை சீசன் தொடக்கத்தில் கொஞ்ச நாள் மைனர் லீகில் உட்கார வைத்துவிட்டு அப்புறம் கூப்பிட்டது. பார்த்தால் 171 நாள்! ஒரு நாள் குறைச்சலுக்கு ஒரு வருடம் கூடுதலாக அவரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவர் முறையிட்டார், 2020இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் என்ற விருதையும் அந்த மனிதர் வாங்கியிருந்தார் என்பது கூடுதல் வேடிக்கை. இதற்கெல்லாம் ஆட்டக்காரர் சங்கமும் லீகும் மாற்றி மாற்றி ஒட்டுப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் கணக்குப் பார்க்கிற முதலாளிக்கு எப்போதும் ஒரு சந்து கிடைத்துவிடுகிறது.

சரி, வருடங்களைப் பார்த்தாயிற்று. பையனிடம் சரக்கு இருக்கிறதா?

பேட்டர் என்றால் பேட்டிங் சராசரியைப் பார்க்காதீர்கள். வயதைப் பாருங்கள், எந்தப் படியில் ஆடுகிறான் என்று பாருங்கள். 19 வயதில் தன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்களை அடிக்கிறவனுக்கும், 25 வயதில் அதே பிட்சர்களை (பந்து வீசுபவர்களை) அடிக்கிறவனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஊரையும் பாருங்கள். அல்புகர்கி மாதிரி ஒரு மைல் உயரத்தில் இருக்கிற ஊரில் காற்று லேசு, பந்து பறக்கும், அங்கே 25 ஹோம் ரன் அடித்தவனை நம்பி ஜெர்சி வாங்குவது சேப்பாக்கத்தில் ஐந்து விக்கெட் எடுத்தவன் பெர்த்திலும் எடுப்பான் என்று பந்தயம் கட்டுவது போல. அப்புறம், வாக் (நான்கு தப்பான பந்தை விட்டுவிட்டு சும்மா முதல் பேஸுக்குப் போவது) எத்தனை, ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட் ஆவது) எத்தனை. வுட்டைக் கொடுக்கும்போது அவர் வாக் வாங்கியதும் ஸ்ட்ரைக் அவுட் ஆனதும் ஏறக்குறைய சமமாக இருந்தது, அவ்வளவு உயரமான பையனுக்கு அது அபூர்வம், கையும் காலும் நீளமானவனுக்கு ஸ்ட்ரைக் ஸோனும், அதாவது விட்டால் ஸ்ட்ரைக் ஆகிற இடமும், நீளம். அப்படிப்பட்டவரே 2025இல் 221 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார், ஒரு சீசனில் எல்லாக் காலத்துக்குமான சாதனைக்கு இரண்டுதான் குறைவு. மேலே போகப் போக யாருக்கும் கடினம்தான்.

பிட்சர் என்றால் ஈஆர்ஏவை (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்ற எண், குறைந்தால் நல்லது) மறந்துவிடுங்கள். 2013இல் பால்டிமோரில் ஜேக் அரியேட்டாவின் ஈஆர்ஏ 7.23. இன்னொருவரையும் சேர்த்து அவரை கப்ஸுக்குக் கொடுத்தார்கள், அந்தப் பக்கமிருந்து வந்த முக்கிய ஆள் ஸ்காட் ஃபெல்ட்மன். 2015இல் அதே அரியேட்டா 22 வெற்றி, 6 தோல்வி, ஈஆர்ஏ 1.77, லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. வேகம் இருக்கிறதா, அடிக்க முடியாத பந்து ஒன்றாவது கையில் இருக்கிறதா, முழங்கை ஒழுங்காக இருக்கிறதா, இந்த மூன்றும் போதும். மூன்றாவதுதான் வினை. கோர் உங்கள் ஊருக்கு வரும்போதே முழங்கை வீக்கத்தோடுதான் வந்தார், அவர் தேறி 2025இல் ஆல் ஸ்டார் ஆனார். அதற்கு முந்தைய டிரேடில், 2021இல் நட்சத்திரங்களான ஷெர்சரையும் டிரே டர்னரையும் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்து வாங்கியவர்களில் ஜோசையா கிரே 2023இல் ஆல் ஸ்டார், 2024இல் முழங்கை அறுவை. அதே டிரேடில் வந்த கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) கெய்பர்ட் ரூயிஸுக்கு 8 வருடம் 50 மில்லியன் கொடுத்தும் எதிர்பார்த்த பேட்டிங் வரவில்லை. மீதி இரண்டு பேரை இன்று யாருக்கும் நினைவில்லை. நான்கு பேர் வந்தால் ஒருவர் நிலைத்தாலே நல்ல விளைச்சல் என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஆபீஸ் நண்பர்களிடமும் சொல்லுங்கள்.

கட்டுப்பாடு, சம்பளம் விஷயத்தில் இன்னும் சில விதிவிலக்குகள் உண்டு, அவை உங்களுக்கு வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் டிரேடு செய்தியின் கடைசி வரியில் "பின்னர் பெயர் சொல்லப்படும் ஆட்டக்காரர் ஒருவர்" என்று வரும், எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆறு மாதத்துக்குள் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஒன்றுமில்லாத ஆள்தான் வருவான். 1962இல் ஹாரி சிட்டி என்ற கேட்சரை கிளீவ்லேண்டிலிருந்து மெட்ஸ் இப்படி வாங்கி, கடைசியில் பெயர் சொல்லும் நேரம் வந்தபோது அந்த ஹாரி சிட்டியையே திருப்பி அனுப்பியது, அவருக்கு அவரே விலை! ஆனால் சில நேரம் அந்த வரியில்தான் புதையல். பின்னாளில் பெரிய நட்சத்திரமான டேவிட் ஆர்டிஸ் 1996இல் சியாட்டிலிலிருந்து மினசோட்டாவுக்குப் போனது அப்படித்தான்.

உங்கள் அணியின் கதை இன்னும் அழகு. 2014 டிசம்பரில் மூன்று அணிகள் சேர்ந்து ஒரு டிரேடு, அதில் சான் டியேகோவிலிருந்து நேஷனல்ஸுக்கு ஜோ ராஸும் "பெயர் சொல்லப்படாத" ஒருவரும். அந்த ஒருவர் டிரே டர்னர் என்று ஊருக்கே தெரியும். ஆனால் சொல்லக் கூடாது. ஏனென்றால் டிராஃப்டில், அதாவது வருடாவருடம் அணிகள் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், எடுத்த பையனை, ஒப்பந்தம் போட்டு ஒரு வருடம் ஆகும் வரை டிரேடு செய்யக் கூடாது என்று அப்போது விதி, டர்னரை எடுத்ததோ அந்த ஜூனில்தான். ஆக, தன்னை விற்றுவிட்ட அணியின் பயிற்சி முகாமிலேயே, அதே சீருடையில், அவர்களுக்காகவே அடுத்த ஜூன் வரை ஆடிக்கொண்டிருந்தார். காயம் பட்டால் யார் பொறுப்பு, இன்னொருவனுக்குச் சொந்தமான பையனுக்கு எந்தக் கோச் அக்கறையாகச் சொல்லிக்கொடுப்பான், இதையெல்லாம் யோசிக்க லீகுக்கு அந்தக் கூத்தை நேரில் பார்க்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான், எடுத்த வருடத்தின் வேர்ல்ட் சீரிஸ் (சீசனின் இறுதித் தொடர்) முடிந்ததுமே டிரேடு செய்யலாம் என்று மாற்றினார்கள். அந்தப் பெயரில்லாத ஆள்தான் 2019இல் உங்கள் அணி வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தபோது ஷார்ட் ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கிற ஃபீல்டர்).

இப்போது அந்த கார்டுக்காரர். டிரேடு நடந்த வாரத்தில்தான் ஒரு பையனின் கார்டு உச்ச விலையில் இருக்கும், அன்றைக்கு விற்பவன் புத்திசாலி, வாங்குபவன் நீங்கள். ஐந்து மடங்கு ஆகும் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தால் ஏன் உங்களிடம் விற்கிறார்? பௌமன் பிராண்டு கார்டில் "ஃபர்ஸ்ட்" என்று போட்டிருப்பதைக் காட்டி ரூக்கி (புதுமுக) கார்டு என்பார்கள், அது ரூக்கி கார்டு இல்லை. மேஜர் லீகுக்கு வந்த பிறகு ஆர்சி முத்திரையோடு வருவதுதான் ரூக்கி கார்டு. தரம் பார்த்து பிளாஸ்டிக் உறையில் கிரேடு போட்டது என்பார்கள். அந்த உறையிலும் போலி உண்டு, உண்மையான சான்றிதழ் எண்ணையே போலியில் அச்சடிக்கிறார்கள், நானும் ஒருமுறை அப்படி ஒன்றை வாங்கி வந்து, எண்ணைச் சரிபார்த்ததும் எல்லாம் சரி என்று நிம்மதியாகத் தூங்கிவிட்டு, ஒரு மாதம் கழித்து உறையின் ஓரம் பிசின் போட்டு ஒட்டியது போல இருப்பதைக் கவனித்தேன். விற்ற ஆள் அதற்குள் போன் நம்பரை மாற்றியிருந்தார். எல்லாவற்றையும்விட மோசம் நேரலையில் கார்டுப் பெட்டி உடைக்கிற வியாபாரம். அணிக்கு ஒரு சீட்டு, நேஷனல்ஸ் சீட்டு இவ்வளவு டாலர், உடைக்கிற பெட்டியில் உங்கள் அணி கார்டு வந்தால் உங்களுக்கு, வராவிட்டால் காசு போச்சு. ஊரில் இதை லாட்டரி என்போம். இங்கே 11 வயதுப் பையன்கள் போனில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், கேட்க ஆளில்லை.

மகனுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தால் அவனுடைய கையெழுத்தில்லாத சாதாரண கார்டு ஒன்றை இரண்டு மூன்று டாலருக்கு வாங்கிக் கொடுங்கள். மீதிப் பணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிரெடரிக்ஸ்பர்க் போங்கள், நேஷனல்ஸின் கீழ்ப்படி மைனர் லீக் அணி அங்கேதான், டிரேடு முடிந்து வந்த வுட்டும் அந்த 2022 ஆகஸ்டில் முதலில் அங்கேதான் ஆடினார். பந்து எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு, வெளியே விலகிப் போகிற பிரேக்கிங் பந்துக்கு அந்தப் பையன் மட்டையை வீசுகிறானா, விடுகிறானா என்று மட்டும் ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். நான்கு ஆட்டம் குறித்தால், ஆபீஸ் நண்பர்களைவிட அவனுக்கு அதிகம் தெரிந்திருக்கும்.