சோலார், பேட்டரி, கார் சார்ஜிங்: மூணையும் சேர்த்து பிளான் பண்றவங்களுக்கு கேள்வி பதில்

கோயம்புத்தூர்ல எங்க வீட்டு மாடில சோலார் இருக்கு, எலக்ட்ரிக் காரும் ஓட்டறேன், தெரிஞ்சவங்க வீடு பலதுக்கும் கூடவே நின்னு கணக்கு போட்டு குடுத்திருக்கேன். கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்.

ஈரோட்டிலிருந்து: அண்ணா, ரெண்டு மாசத்துக்கு 900 யூனிட் ஓடுது, கார் வாங்கப் போறோம், தினம் 40 கிலோமீட்டர் ஓட்டம். எத்தனை கிலோவாட் போடலாம்?

தம்பி, முதல்ல காரை கணக்குல எடுங்க, நிறைய பேர் பழைய பில்லை மட்டும் பார்த்து 3 கிலோவாட் போட்டுட்டு கார் வந்தப்புறம் முழிக்கறாங்க. ஒரு யூனிட்டுக்கு கார் ஆறு ஏழு கிலோமீட்டர் ஓடும், சார்ஜ் ஏறும்போது பத்து சதவீதம் போல வீணாகும், அப்போ 40 கிலோமீட்டருக்கு தினம் 6, 7 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 400. ஆக மொத்தம் 1300. நம்ம ஊர் வெயில்ல 1 கிலோவாட் பேனல் சராசரியா தினம் 4 யூனிட் தரும், 5 கிலோவாட் போட்டா ரெண்டு மாசத்துக்கு 1200 வந்துரும், உங்களுக்கு அது கிட்டத்தட்ட போதும். நிழல் விழாத இடம் 500 சதுர அடி வேணும். சோலார் இல்லாம 1300 ஓட்டினா 1000 தாண்டின யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல போகுது, அதனால காரால கூடற யூனிட் தான் இருக்கறதுலயே காஸ்ட்லி யூனிட், பேனல் அதைத் தான் முதல்ல வெட்டும்.

இன்னொண்ணு, ஈபில நீங்க வாங்கி வெச்சிருக்கற லோடுக்கு, அதாவது இத்தனை கிலோவாட் வரைக்கும் இழுக்கலாம்னு குடுத்த அனுமதிக்கு மேல, சோலார் போட விடமாட்டாங்க. கார் சார்ஜருக்கும் எப்படியும் லோடு ஏத்தணும், அதனால ரெண்டுக்கும் சேர்த்து ஒரே தடவையா எழுதிக் குடுத்துருங்க. மத்திய அரசு மானியம் 3 கிலோவாட்டுக்கே 78,000 ரூபாய்ல நின்னுரும், 5 போட்டாலும் அதே தான், அதுவும் இந்தியாவுலயே தயாரிச்ச செல் உள்ள பேனலா இருக்கணும்.

திருநெல்வேலியிலிருந்து: பகல்ல பேட்டரில சேமிச்சு ராத்திரி காருக்கு ஏத்தலாம்னு 10 யூனிட் பேட்டரி பார்க்கறேன், சரியா சார்?

வேண்டாம் சார், மனசார சொல்றேன். உங்களுக்கு நெட் மீட்டர், அதாவது வெளில போறதையும் உள்ள வர்றதையும் சேர்த்து எண்ற மீட்டர் இருந்தா பகல்ல வெளில போற யூனிட் ராத்திரி எடுக்கற யூனிட்ல கழிஞ்சிரும். அந்த வேலையை செய்ய லட்சக்கணக்குல குடுத்து பேட்டரி எதுக்கு? பேட்டரில போட்டு எடுத்து திரும்ப கார் பேட்டரில போடும்போது ரெண்டு தடவை நஷ்டம் வேற. 5 யூனிட் லித்தியம் பேட்டரியை முழுசா காருக்குள்ள கொட்டினாலும் 25 கிலோமீட்டர் தான் ஓடும். அதே 5 யூனிட் கரண்ட் போனா ஃப்ரிட்ஜ், நாலு ஃபேன், லைட், வைஃபை எல்லாத்தையும் ஒரு ராத்திரி தாங்கும். பேட்டரி வீட்டுக்கு மட்டும், சின்னதா போதும். இப்போ பணம் இல்லன்னா ஹைப்ரிட் இன்வெர்ட்டர், அதாவது சோலாரையும் பேட்டரியையும் சேர்த்து ஓட்டற இன்வெர்ட்டர் மட்டும் போட்டு வைங்க, பேட்டரியை பின்னாடி சேர்த்துக்கலாம்.

கடலூரிலிருந்து: புயல் நேரத்துல ரெண்டு நாள் கரண்ட் இல்ல, நல்ல வெயில் அடிச்சும் சோலார் வேலை செய்யல, ரிப்பேரா?

ரிப்பேர் இல்லைங்க. பேட்டரி இல்லாத சாதா சோலார் இன்வெர்ட்டர் கிரிட், அதாவது ஈபி லைன் போனா தானும் நின்னுரணும், இல்லன்னா உங்க வீட்டு கரண்ட் லைனுக்குப் போய் கம்பத்துல ஏறி வேலை பார்க்கற லைன்மேன் உயிருக்கே ஆபத்து. கடற்கரை மாவட்டத்துல இருக்கறவங்க இதை கேட்டு தெரிஞ்சுட்டு பேட்டரியோட ஹைப்ரிட் எடுங்க. பேனலைத் தாங்கற கம்பி ஸ்ட்ரக்சர் துருப்பிடிக்காம நல்லா கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) பண்ணதான்னும் பாருங்க, உப்புக்காத்து சீக்கிரம் அரிச்சுரும்.

திருப்பூரிலிருந்து: 15 ஆம்பியர் பிளக் போதுமா, பெரிய சார்ஜர் வேணுமா? கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடும்போது சார்ஜர் எர்த் ஃபால்ட் காட்டுது.

தினம் 40, 50 கிலோமீட்டர்னா 15 ஆம்பியர் தாராளம், ராத்திரி எட்டு மணி நேரத்துல 20 யூனிட் ஏறிரும். ஆனா மீட்டர்ல இருந்து தனி வயர், தனி எம்சிபி (லோடு கூடினா தானா ஆஃப் ஆகற சுவிட்ச்), பழைய பிளக்கே கூடாது, மணிக்கணக்கா முழு லோடுல ஓடும்போது சூடாகி உருகிடும். 7.2 கிலோவாட் சார்ஜர் தினம் 150 ஓட்டறவங்களுக்கு. எர்த் ஃபால்ட் வர்றது பெரும்பாலும் இன்வெர்ட்டர் பேக்கப்ல நியூட்ரலும் எர்த்தும் சேராம இருக்கறதால. அதை நீங்களே ஒட்டுப் போட்டு சரி பண்ணாதீங்க, எலக்ட்ரீஷியனை வெச்சு பாருங்க, அதைவிட கார் சார்ஜரை பேக்கப் லைன்ல இருந்தே பிரிச்சுருங்க. சோலார், இடிதாங்கி ரெண்டுக்கும் எர்த் குழி தனித்தனியா வேணும்.

மதுரையிலிருந்து: கார்ல இருந்து வீட்டுக்கு கரண்ட் எடுக்கலாமாமே?

அந்த வசதி இருக்கற கார்ல எக்ஸ்டென்ஷன் போட்டு ஃப்ரிட்ஜ், ஃபேன் ஓட்டலாம், நல்லாவே ஓடும். சுவத்து பிளக்ல சொருகி வீட்டு வயரிங்குக்குள்ள மட்டும் விட்றாதீங்க, மேல சொன்ன லைன்மேன் ஆபத்து தான் இதுலயும்.

சென்னை அபார்ட்மென்ட்: எங்களுக்கு வழி இருக்கா?

இருக்கு, அசோசியேஷனா சேர்ந்து பொது மீட்டருக்கு போடுங்க. லிஃப்ட், மோட்டார், பொது கார் சார்ஜிங்குக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு.

சேலத்திலிருந்து: வீடு கட்டிட்டு இருக்கோம், சோலாரும் காரும் ரெண்டு வருஷம் கழிச்சு தான். இப்போ என்ன பண்ணணும்?

மாடில இருந்து மீட்டர் வரைக்கும் ஒரு பைப், மீட்டர்ல இருந்து கார் நிறுத்தற இடம் வரைக்கும் இன்னொண்ணு, இப்பவே சுவத்துக்குள்ள விட்ருங்க. நான் விடாம, அப்புறம் டைல்ஸை உடைச்சேன். தண்ணி டேங்க்கை மாடியோட வடக்கு ஓரத்துல வைங்க, தெக்குல வெச்சா வருஷத்துல பாதி நாள் பேனல் மேல நிழல் விழும். பேனல் கழுவ மாடில ஒரு குழாய் வேணும், முடிஞ்சா மழைத்தண்ணி, போர் தண்ணி உப்பா இருந்தா வெள்ளைக் கறை படிஞ்சு போகவே போகாது.